சரசக்காவின் கரித்துணி

சரசக்கா சோற்றுப் பானையை வாசல் அடுப்பிலிருந்து இறக்கினார். ஒரு துணியை மடித்துப் பானையின் கழுத்தைப் பற்றிக்கொண்டு, "தள்ளி நில்லு அம்மிணி, ஆவி அடிக்கும்" என்று என் மனைவி கலாமணியிடம் சொல்லியபடியே கஞ்சி வடிக்கச் சாய்த்தார்.

துணியின் ஒரு மூலை தொங்கியது. கரிக்கும் எண்ணெய்க்கும் அடியில், சிவப்பு நூலில் ஒரு கோணல் தையல் தெரிந்தது. கோணலென்றால் சாதாரணக் கோணல் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் போடக்கூடிய கோணல். அந்த ஆள் நான்.

என் முனைவர் பட்டம் சரசக்காவின் கையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தது.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எண்பதுகளின் கடைசி. புழுங்கலரிசிக் கஞ்சியின் வாசம், பக்கத்து வீட்டு ரேடியோ, கொடியில் காயும் துணிகளின் சோப்பு மணம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் துணிதான் சரியாக இல்லை.

கலாமணி என்னைப் பார்த்தாள். அவளும் தையலைப் பார்த்துவிட்டாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமாகி அதுவரை நான் பார்க்காத சிரிப்பு அது. கேஸ் ஜெயித்தவர்களின் சிரிப்பு.

துவைத்தால் சுருங்கும், அதற்கென்ன?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் நான் பனியன் துணி சுருங்குவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குடியிருப்பு திருப்பூரில், கல்லூரி கோவையில், வாழ்க்கை பஸ்ஸில்.

திருப்பூரில் "என்னங்க வேலை?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் பருப்பை நிறுத்துவிட்டு யோசித்தார்.

"பனியன் சுருங்கறதுக்குங்களா ஆராய்ச்சி?"

"ஆமாங்க."

"துவைச்சா சுருங்குமுங்க."

"ஏன் சுருங்குதுன்னு..."

"தண்ணி பட்டுதுன்னாச் சுருங்கும். இதுக்குப் போயி தெனமும் கோயமுத்தூர் போறீங்களா?"

உண்மையில் விஷயம் அவ்வளவு எளிதில்லை என்று இப்போது எழுத ஆசைதான். ஆனால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னல் துணி என்பது வளையம் வளையமாகக் கோத்தது. ஆலையில் அதை இழுத்து நீட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே ஓட்டி அகலப்படுத்துவார்கள். துணி பயந்துபோய் அகலமாகவே நிற்கும். முதல் தண்ணீர் பட்டதும் பயம் தெளிந்து பழைய இடத்துக்கு வந்து உட்காரும். அதற்குத்தான் சுருக்கம் என்று பெயர். எந்த அளவுக்கு வரும், எத்தனை துவைப்பில் வரும், வீட்டில் கல்லில் அடித்துத் துவைப்பதற்கும் ஆய்வுக்கூட மிஷினில் துவைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் என் கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் துவைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கறாரான மனிதர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். "மனுசன் போட்டு, மனுசன் வேர்த்து, மனுசன் துவைக்கணும்யா. அதுதான் ஆராய்ச்சி" என்றார்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி மனமிரங்கி, இந்த வேலைக்கென்றே ஒரே உருட்டுத் துணியை, அதாவது ஒரே சுருளாக வந்த துணியை, ஒதுக்கினார். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த பழனிச்சாமி அதை வெட்டினார். அவருடைய மனைவி சரசக்கா அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். அவர் தைத்தார். பழனிச்சாமியின் மேஜையில், அவருடைய இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு பனியனின் முன்னும் பின்னும் ஒரு சாண் அளவில் சிவப்பு நூல் சதுரம் ஒன்றை நானே என் கையால் தைத்தேன். சதுரம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு சுருக்கம். எளிய ஏற்பாடு.

நான் தைப்பதைச் சரசக்கா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பொறுத்துவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நூலு புடிக்கறப்ப மூச்ச அடக்காதீங்க. செத்துப் போயிருவீங்க."

லைன் வீட்டு ஆண்களுக்குப் பனியன்களைக் கொடுத்தேன். தினமும் போடுங்கள், எப்போதும் துவைப்பதுபோலத் துவையுங்கள், வெயில் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானி முதலில் தன்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

போடாமல், துவைக்காமல் அப்படியே வைத்திருந்து கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று சில பனியன்களைக் கல்லூரி அலமாரியில் பூட்டி வைத்தேன். அவற்றைக் கடித்துக் குதறிக் கூடு கட்டி, அதில் ஓர் எலி பிரசவம் பார்த்துக்கொண்டது. அதை நான் பேராசிரியரிடம் சொல்லவில்லை. தாயும் சேய்களும் நலம்.

என்னோடு ஆராய்ந்தவர்கள்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். அந்த வயதில் என் நண்பர்கள் எல்லாரும் எதையாவது ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

வேளாண்மை படித்த ஒருவன் மடத்துக்குளம் பக்கம் கரும்புக் காட்டில் ஆராய்ச்சி செய்தான். பாதிப் பாத்திக்குத் தண்ணீர், பாதிப் பாத்திக்கு இல்லை. தண்ணீர் இல்லாமல் கரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். தாங்கியது, தாங்கியது, தாங்கிக்கொண்டே இருந்தது. வறட்சியைத் தோற்கடிக்கும் கரும்பு கிடைத்துவிட்டதென்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினால், தோட்டத்துக்காரர் மண்வெட்டியோடு காய்ந்த பாத்திக்கு மடை திருப்பிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க இது!"

"பாவமுங்க, காயுதுங்களே. நீங்க வெளியூருல இருக்கறீங்க, மறந்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு நாந்தான் தெனமும் ஒரு நடை..."

இன்னொருவன் சமூகவியல். தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கணிப்பு. எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்களுக்கு எப்பிடித் தோணுதுங்களோ அப்பிடியே எழுதிக்கோங்க." அவன் மனம் நொந்து, கடைசியில் பழைய கல்வெட்டுகளுக்கு மாறிப்போனான். கல் மரியாதை பார்க்காது, இருப்பதைச் சொல்லும் என்பான்.

இந்த இரண்டு கதைகளையும் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தவன். பஸ்ஸில் அடுத்த சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகும் அளவுக்குச் சிரித்தேன். பனியனுக்கு யார் தண்ணீர் பாய்ச்சப் போகிறார்கள் என்று எனக்கொரு தைரியம்.

உலகை மாற்றிய உப்புத் தண்ணீர்

வெயில் காலம் முடிந்து பனியன்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் மஞ்சப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சில பைகளில் கூடவே ஒரு சீப்புக் கதலி, சிலவற்றில் ஒரு தேங்காய், ஒன்றில் முறுக்கு. எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். நான் முறுக்கைத் தின்றுகொண்டே அளந்தேன்.

சுருங்கவில்லை.

ஒன்றுகூடச் சுருங்கவில்லை. ஒரு வெயில் காலம் முழுக்க வேர்வையில் ஊறி, கல்லில் அடிபட்டு, கொடியில் காய்ந்த பனியன்கள் கொடுத்த அன்று இருந்த அளவிலேயே இருந்தன. நிறம் மங்கவில்லை. அக்குள் நைந்து போகவில்லை. இன்னொரு அதிசயமும் இருந்தது. நான் கோணலாகத் தைத்த சதுரங்கள் நேராகியிருந்தன.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் படித்தவன் இல்லையா, கோட்பாடு வந்தது. துவைக்கத் துவைக்க நூலின் முறுக்கு தளர்ந்து தையல் நேராகியிருக்கிறது என்று எழுதினேன். சுருங்காததற்குக் காரணம் திருப்பூரின் உப்புத் தண்ணீர் என்று முடிவு கட்டினேன். தண்ணீரிலிருக்கும் உப்பு பருத்தி இழையைக் கைப்பிடித்து நிறுத்திவிடுகிறது. பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலங்காலமாக நல்ல தண்ணீரைத் தேடிய ஜில்லாவில் உப்புத் தண்ணீருக்குப் பெருமை சேர்த்த முதல் ஆள் நான்தான்.

ஒரே ஒரு இடறல் இருந்தது. என் பனியன்.

அது சுருங்கியிருந்தது. நன்றாக, மனதாரச் சுருங்கியிருந்தது. போட்டால் தொப்புள் வெளியே எட்டிப் பார்த்தது.

"பனியன் சுருங்கலய்யா. நீ பெருத்துட்ட" என்றார் பேராசிரியர்.

"சதுரமும் சுருங்கியிருக்குங்க சார்."

"அப்ப உன் வீட்டுல துவைக்கறதுல ஏதோ கோளாறு. அந்த ஒண்ண விட்டுடு. கணக்குல சேர்க்காத."

இதை நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது.

துவைக்கும் கல்மேல் ஒரு சத்தியம்

கலாமணிக்கும் எனக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு பொங்கல்தான் போயிருந்தது. பல்லடத்துப் பக்கம் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். அதட்டிப் பேச மாட்டாள். ஆனால் மெதுவாகப் பேசினால் நான் பயந்துகொள்ள வேண்டும்.

"என்ன சொன்னாருங்க உங்க சாரு?" என்றாள் மெதுவாக.

"அதாவது... மத்த வீட்டுல எல்லாம் சுருங்கல. நம்ம வீட்டுல மட்டும்..."

"நான் துவைக்கத் தெரியாதவ."

"அப்பிடிச் சொல்லல. புள்ளியியல்ல விலகின மதிப்புன்னு..."

"விலகின மதிப்பா? ஏனுங்க, எங்க ஊட்டுல பொறந்ததுலயிருந்து துவைக்கறனுங்க. எங்கப்பன் வேட்டியப் பாத்து ஊரே கேக்கும், எங்க வெளுக்கப் போடறீங்கன்னு. உங்க ஆராய்ச்சியில என்னைய விட்டுப்போட்டு உப்புத் தண்ணியச் சேத்துவீங்களாக்கும்?"

"உப்புத் தண்ணிதானே நம்ம வீட்டுலயும்..." என்று சொல்லி நான் பாதியில் நிறுத்தினேன். ஏதோ ஒன்று எனக்குள் இடித்தது. உடனே அதை மறந்துவிட்டேன். மறதியில் நான் கெட்டிக்காரன்.

அவள் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை முதலிபாளையம் போறம். அவங்க எப்பிடித் துவைக்கறாங்கன்னு நானே பாக்கறன். நான் துவைக்கறதுல தப்பு இருந்தா அந்தக் கல்லு மேலயே உக்காந்து கத்துக்கறன். இல்லீன்னா உங்க சாரு வந்து துவைக்கட்டும்."

இப்படித்தான் நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை சரசக்கா வீட்டுக்குப் போனோம். இப்படித்தான் கஞ்சி வடிப்பதைப் பார்த்தோம்.

"படிச்சவங்க கையில எப்பிடிங்க..."

"அக்கா, இந்தத் துணி..." என்று ஆரம்பித்தேன்.

சரசக்கா பானையை வைத்துவிட்டுத் துணியைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் வந்தது. சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பழசுங்க சார். அதப் போயிப் பாக்கறீங்களே."

"இது நான் கொடுத்த பனியன்தானே?"

"ஆமாங்க."

"அப்போ திருப்பிக் கொடுத்தது?"

"அது புதுசுங்க."

நான் அங்கே இருந்த துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பழனிச்சாமி உள்ளேயிருந்து சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார். சரசக்கா எனக்குப் புரிய வைக்கப் பார்த்தார்.

"ஒரு வெயக்காலம் பூராம் ஒடம்புல போட்ட பனியனுங்க. வேர்வ நாத்தம், சாயக் கறை. தோளு வேற நைஞ்சு போச்சு. அத மடிச்சுப் படிச்சவங்க கையில எப்பிடிங்க குடுக்கறது? இரவல் வாங்குனத வாங்குன மாதிரியே குடுக்கோணுமில்லீங்களா? நீங்க ஒதுக்குன உருட்டுலயே மிச்சத் துணி இருந்துச்சு. இவரு மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வெட்டுனாரு. நான் தைச்சன்."

"எல்லாருடையதுமா?"

"லைனே எங்கிட்டத்தான் கொண்டாந்துச்சுங்க. சாரு பனியன் கேக்கறாரு, இதக் குடுத்தா நல்லாருக்காதுன்னு."

"அந்தச் சிவப்புச் சதுரம்?"

"அது இல்லாமக் குடுத்தா உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு இவரு ஸ்கேலு வச்சு நானே போட்டன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "கொஞ்சம் நேரா வந்துருச்சுங்க. கோணையாப் போட எனக்கு வரலீங்க."

பழனிச்சாமி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "ஏனுங்க சார், அளவு ஏதாச்சும் தப்பிப் போச்சுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர். அளவு ரொம்பச் சரியா இருந்துது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சோகமான வாக்கியம் அது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கான காலக்கெடுவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக் கேட்டாயிற்று. அடுத்த வெயில் காலம் வருவதற்குள் அது முடிந்துவிடும், பேராசிரியரும் ஓய்வுபெற்றுவிடுவார். புதிதாகப் பனியன் கொடுத்துப் போட்டுத் துவைத்து வாங்க நேரமில்லை. அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கடைக்காரர் பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்பார்: "சுருங்குச்சுங்களா?"

அப்போது கலாமணி கேட்டாள்: "அக்கா, மத்தவங்க பழசெல்லாம் எங்கீங்க?"

சரசக்காவுக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. "எங்க போகும் அம்மிணி? நல்ல பருத்தித் துணி. யாராச்சும் வீசுவாங்களா?"

வீடு வீடாக ஒரு பிச்சை

அன்று மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை நாங்கள் பழந்துணி கேட்டு வீடு வீடாகப் போனோம். நானொரு ஆராய்ச்சி மாணவன், கட்டை விரலில் மைக்கறை, தோளில் ஜோல்னாப்பை. வாசலில் நின்று, "கரித்துணி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

கிடைத்தன. ஒன்று மொபெட் சீட்டுக்கு அடியில் செருகியிருந்தது. ஒன்று சைக்கிள் செயினைத் துடைத்துத் துடைத்துக் கறுத்திருந்தது. ஒன்று ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்டியிருந்தது. ஒரு வீட்டில் அதைச் சுருட்டிக் குழந்தைக்குத் தலையணையாக்கியிருந்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. என் ஆராய்ச்சிக்கு வந்த முதல் எதிர்ப்பு அதுதான். ஒன்று பக்கத்துச் சோளக்காட்டில் பொம்மைக்கு மாட்டியிருந்தது. நான் கழற்றும்போது பொம்மை என்னைவிட எடுப்பாக இருந்ததாகக் கலாமணி சொன்னாள்.

பனியனைத் தையலோரமாகத்தான் கிழிப்பார்கள். தைக்கத் தெரிந்த ஊர் அல்லவா? அதனால் பாதிப் பனியன் போயிருந்தாலும் நெஞ்சுச் சதுரமோ முதுகுச் சதுரமோ முழுசாக இருந்தது. சிவப்பு நூல் மட்டும் கரிக்குள்ளிருந்து கோணலாகச் சிரித்தது.

உண்மையான போராட்டம் வேறு. யாரும் அப்படியே கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

"கரியோட எப்பிடிங்க சார் குடுக்கறது? ஒரு அலசு அலசிக் குடுக்கறனுங்க."

"வேண்டாமுங்க! துவைக்காதீங்க!"

"சோடா போட்டு ஒரு கொதி. அர மணி நேரமுங்க."

"ஐயோ, வேண்டாங்க!"

"பாத்தீங்களா, கோவிச்சுக்கிட்டாரு. நான் அப்பவே சொன்னன், புதுசாவே குடுத்துரலாமுன்னு."

கலாமணிதான் காப்பாற்றினாள். பொதுக் குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு யாரையும் துவைக்க விடவில்லை. "அக்கா, உங்க மேல மரியாதையிலதான் கேக்கறாரு. அழுக்கோட குடுத்தாத்தான் அவருக்கு மார்க்கு" என்றாள். மார்க் என்றதும் எல்லாருக்கும் புரிந்தது. பரீட்சை என்றால் யாருக்கும் இரக்கம் வரும்.

சில கிடைக்கவில்லை. ஒன்று அடுப்பில் எரிந்துபோனது, ஒன்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவை என் மஞ்சப்பைகளில் நாறிக்கொண்டே வீட்டுக்கு வந்தன.

கல்லூரியில் அவற்றின் எண்ணெயை எடுத்து, நீரில் அலசிக் காயவைத்து அளந்தேன்.

சுருங்கியிருந்தன! அடேயப்பா, எவ்வளவு அழகாகச் சுருங்கியிருந்தன. நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி, புத்தகத்தில் போட்டிருப்பதைப் போலவும் அதைவிடக் கொஞ்சம் கூடவும். வரைபடம் போட்டு எல்லாவற்றின் சராசரியையும் குறித்தேன். அந்தச் சராசரிக் கோட்டுக்கு மிக அருகில் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. யாருடைய பனியன் என்று பார்த்தேன்.

என்னுடையது.

அன்று சாயங்காலம் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கலாமணி அந்தப் புள்ளியைச் சுண்டுவிரலால் தொட்டாள். பிறகு அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள்.

எலி செய்த உதவி

பேராசிரியரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். எலிக் கதையை மட்டும் கடைசியில் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"உப்புத் தண்ணிக் கோட்பாட்ட உப்புத் தண்ணியிலயே கரைச்சிடு" என்றார். "ஆனா நடந்தத ஒளிக்காத. அப்படியே எழுது. வர்றது வரட்டும்."

எழுதினேன். மாதிரிகள் எப்படி மாறின, எப்படி மீட்கப்பட்டன, எவை தொலைந்தன என்று ஒரு முழு அத்தியாயம். வாய்மொழித் தேர்வுக்கு வடக்கேயிருந்து ஒரு பெரியவர் தேர்வாளராக வந்தார். துணித் துறையில் அவர் பெயரைச் சொன்னாலே எங்களுக்கு வியர்க்கும். அந்த அத்தியாயத்தில் பல பக்கங்களின் மூலையை அவர் மடித்து வைத்திருந்தார்.

மேஜைமேல் துணித் துண்டுகளைப் பரப்பினேன். எவ்வளவு கழுவியும் சைக்கிள் செயின் துணியில் கிரீஸ் வாசம் போகவில்லை. ஊறுகாய்த் துணியை அவர் எடுத்து முகர்ந்தார்.

"எலுமிச்சையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாங்காய் சார்."

தலையாட்டிக்கொண்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "துவைக்காத மாதிரி எங்கே? எதோடு ஒப்பிட்டீர்கள்? இதே துணி தண்ணீரே படாமல், இத்தனை காலம் சும்மா வைத்திருந்தால் சுருங்காது என்று எப்படித் தெரியும்?"

எலி தின்ற கேள்வி. ஓய்வுபெற்ற பிறகும் எனக்காக வந்திருந்த பேராசிரியர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "அந்தப் பைய எடுத்து வையேன்யா" என்றார்.

காலையில் அவர் சொல்லித்தான் அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேஜைக்கடியில் வைத்திருந்தேன், பிறகு மறந்தே போயிருந்தேன். மஞ்சப்பையில் சரசக்கா தைத்துக் கொடுத்த புதுப் பனியன்கள். அதே உருட்டுத் துணி. பழனிச்சாமியின் அதே ஸ்கேல். சிவப்புச் சதுரம் முன்னும் பின்னும். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. சதுரம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் என் அலமாரியில் சும்மா கிடந்தவை. நான் உப்புத் தண்ணீரை நம்பி அளந்த அன்றைய அளவும் என் குறிப்பேட்டில் இருந்தது. பெரியவர் தன் பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். அன்றைக்கிருந்த அளவு மாறாமல் இருந்தது.

எனக்கு இல்லாமல்போன ஒப்பீட்டு மாதிரியை லைன் வீடுகளே சேர்ந்து, நான் கேட்காமலேயே, மரியாதைக்காகத் தைத்துக் கொடுத்திருந்தன.

"இந்தச் சதுரங்களைத் தைத்தது யார்?" என்று கேட்டார் அவர்.

"ஒரு டெய்லர் அம்மா சார்."

"அதுதானே பார்த்தேன்" என்று சொல்லி என் கோணல் சதுரத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மற்றது நீங்கள்."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியரின் தோள் மறுபடி குலுங்கியது. அந்தச் சிரிப்பிலேயே தேர்வு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். உருளையிலிருந்து விடுபட்டு முதல் தண்ணீர் பட்ட துணிக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுருங்கியது

பட்டம் வந்த செய்தியைச் சொல்ல முதலிபாளையத்துக்குப் போனோம். சரசக்கா வீட்டு வாசலில் லைனே கூடியிருந்தது. பழனிச்சாமி சந்தனம் கொடுத்தார். சரசக்கா ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே ஒரு சீப்புக் கதலி, அதற்குக் கீழே மடித்த புதுப் பனியன். நெஞ்சில் சிவப்பு நூலில் ஒரு சதுரம், நூல் பிடித்ததுபோல நேராக.

"எல்லாருஞ் சேந்து தைச்சதுங்க சார். உங்க உருட்டுல கடைசித் துண்டு."

"எங்க கரித்துணியெல்லாம் எப்பங்க திருப்பிக் குடுப்பீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பானை இறக்க முடியாமக் கை சுடுதுங்க."

அடுத்த வாரம் கலாமணி அந்தப் பனியனை எப்போதும்போலத் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் எடுத்துவந்து மேஜைமேல் விரித்துப் பக்கத்தில் என் ஸ்கேலை வைத்தாள்.

அளந்தேன்.

நன்றாகச் சுருங்கியிருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கிய நிம்மதியான தூக்கம் அதற்குப் பிறகு வரவேயில்லை.